கடைசிச் சரணம் யாருடையது?

பாதியில் நிற்கும் கன்ட்ரி பாடலுக்கு ஒரே நிமிடத்தில் முடிவு எழுதி, மெட்டும் போட்டு, பாடியும் கொடுத்துவிடுகிறது கம்ப்யூட்டர். அமெரிக்காவின் பாட்டுத் தலைநகரான நாஷ்வில்லில் கவிஞர்கள் அதைப் பயன்படுத்தவும் செய்கிறார்கள், பயப்படவும் செய்கிறார்கள்.

பாட்டு முடிந்துவிட்டது என்றுதான் அந்த இரண்டு கவிஞர்களும் நினைத்தார்கள். 1970களின் பிற்பகுதி. பாபி பிராடக், கர்லி புட்மன் இருவரும் எழுதியிருந்த கதை எளிமையானது: பிரிந்துபோன ஒருத்தியைக் கடைசி மூச்சுவரை மறக்காத ஒருவன், கடைசியில் செத்துப்போகிறான். தயாரிப்பாளர் பில்லி ஷெரிலுக்குத் திருப்தியில்லை. ஆள் சீக்கிரமே செத்துவிடுகிறான் என்றார். அவன் போன பிறகு அவள் வரவேண்டும், அதற்கு ஒரு சரணம் வேண்டும் என்றார். எழுதிக்கொண்டு போனதைத் திருப்பி அனுப்பினார். ஒருமுறை அல்ல, பலமுறை.

பாடகர் ஜார்ஜ் ஜோன்ஸ் குடியில் மூழ்கியிருந்த காலம் அது. ஒலிப்பதிவு மாதக்கணக்கில் இழுத்தது. இத்தனை சோகமான பாட்டை யார் வாங்குவார்கள் என்று பாடியவரே அலுத்துக்கொண்டார். ஆனால் 1980இல் வெளியான 'ஹீ ஸ்டாப்டு லவிங் ஹர் டுடே' கன்ட்ரி பட்டியலில் முதலிடத்தைப் பிடித்தது. கன்ட்ரி மியூசிக் அசோசியேஷனின் சிறந்த பாடல் விருதை 1980, 1981 என்று அடுத்தடுத்து இரண்டு ஆண்டுகள் வாங்கியது. ஷெரில் கேட்டு வாங்கிய அந்தச் சரணத்தை ஜோன்ஸ் பாடுவதில்லை, பேசுகிறார். கேட்பவர்கள் கலங்குவது அந்த இடத்தில்தான். 2013இல் ஜோன்ஸ் இறந்தபோது அவரது இறுதிச் சடங்கில் ஆலன் ஜாக்சன் பாடியதும் இதே பாட்டுதான்.

இன்று அந்தக் கவிஞர்கள் இத்தனை அலைய வேண்டியதில்லை. கதையின் முதல் பாதியைச் செயற்கை நுண்ணறிவுக் கருவியிடம் கொடுத்தால் பத்து முடிவுகள் வந்து விழும். பிடிக்கவில்லையென்றால் இன்னும் பத்து.

கன்ட்ரி என்ற பெயரைக் கேட்டு நம்மூர் நாட்டுப்புறப் பாடலோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. அமெரிக்கத் தென்மாநில மலைக்கிராமங்களின் கதைப்பாட்டும், கறுப்பின மக்களின் ப்ளூஸும், ஆப்பிரிக்காவிலிருந்து வேர் பிடித்த பாஞ்சோ வாத்தியமும் கலந்து பிறந்த இசை இது. 1925இல் நாஷ்வில் வானொலி நிலையம் ஒன்று தொடங்கிய நிகழ்ச்சிதான் பின்னர் 'கிராண்ட் ஓல் ஆப்ரி' என்று புகழ்பெற்று இன்றும் நடக்கிறது. சினிமாவுக்குக் கோடம்பாக்கம் போல இந்த இசைக்கு நாஷ்வில். அங்கே பாடல் எழுதுவது ஒரு தொழில். இரண்டு மூன்று பேர் ஓர் அறையில் கிதாரோடு உட்கார்ந்து, அலுவலகம் போவதுபோல நேரம் குறித்துக்கொண்டு எழுதுகிறார்கள்.

அந்தத் தொழிலின் ரகசியம் கடைசிச் சரணத்தில் இருக்கிறது. மூன்று, நான்கு நிமிடத்துக்குள் ஒரு கதையைச் சொல்லி முடிக்க வேண்டும். பல்லவி ஒவ்வொரு முறையும் அதே வார்த்தைகளோடு திரும்பி வரும், ஆனால் அர்த்தம் மாறியிருக்கும். 'வாசல் விளக்கை அணைக்காதே' என்று ஒரு பல்லவி இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். முதல் சரணத்தில் அதைச் சொல்வது விளையாடப் போகும் சிறுவன். இரண்டாவதில் வேலை தேடி ஊரைவிட்டுப் போகும் இளைஞன். மூன்றாவதில் அதைச் சொல்பவர் யார்? மகன் திரும்பி வருவானா என்று காத்திருக்கும் தாயா? விற்கப்பட்ட வீட்டின் முன்னால் நிற்கும் மகனா? பாட்டு நிற்பதும் விழுவதும் இந்தப் பதிலில்.

இதே கேள்வியைக் கருவியிடம் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் தாய் சொர்க்கத்திலிருந்து விளக்கேற்றுவாள். மழை பெய்யும். ஒரு பழைய டிரக் வரும். தவறு என்று ஒதுக்க முடியாது, எதுகையும் சரியாகவே இருக்கும். ஆனால் முன்பே எங்கோ கேட்டதுபோல இருக்கும். காரணம் சிக்கலானதல்ல. இந்த மென்பொருள்கள் கோடிக்கணக்கான வரிகளைப் படித்து, ஒரு சொல்லுக்குப் பின் எந்தச் சொல் வர வாய்ப்பு அதிகம் என்று கணக்கிட்டே எழுதுகின்றன. ஊரார் எல்லோரும் எதிர்பார்க்கும் முடிவு அவற்றுக்கு எளிது. நல்ல கன்ட்ரி பாடலோ யாரும் எதிர்பாராததைச் சொல்லி, சொன்ன பிறகு வேறு எதுவும் சரியாக இருந்திருக்காது என்று நினைக்க வைக்கிறது.

வார்த்தையோடு நின்றிருந்தால் கவிஞர்கள் இவ்வளவு கவலைப்பட்டிருக்க மாட்டார்கள். 2023 இறுதியில் பரவலான சூனோ, 2024 ஏப்ரலில் வந்த யூடியோ போன்ற கருவிகள் இசையையே உருவாக்குகின்றன. யூடியோ ஆரம்பத்தில் அரை நிமிடத் துண்டுகளாகத்தான் பாட்டுப் போட்டது. அந்தத் துண்டை முன்னும் பின்னும் நீட்டலாம், நிறைவுப் பகுதி வேண்டுமென்றால் அதையும் தனியாகக் கேட்டு வாங்கலாம். ஷெரில் மாதக்கணக்கில் துரத்திய விஷயம் ஒரு பொத்தானாகிவிட்டது.

கவிஞர்களில் பலர் இதைத் தொட்டுப் பார்க்காமல் இல்லை. எழுதிய பாட்டைப் பாடகர்களிடம் போட்டுக் காட்ட 'டெமோ' எனப்படும் மாதிரிப் பதிவு தேவை. முன்பு அதற்கு ஸ்டூடியோ, பாடகர், வாத்தியக்காரர்கள் என்று செலவாகும். இப்போது செல்போனில் முணுமுணுத்த மெட்டைக் கொடுத்தால் முழுப் பதிவு வருகிறது. டெமோ பாடியும் வாசித்தும் வயிறு வளர்த்தவர்கள் மேல்தான் முதல் அடி விழுகிறது. இத்தனைக்கும் கவிஞர்களின் நிலையே செழிப்பானதல்ல. ஒரு பிரதிக்கு ஒரு பாடலுக்கு 9.1 சென்ட் என்ற அமெரிக்க ராயல்டி 2006 முதல் 2022 வரை மாறாமலே கிடந்தது. அதையும் கூட்டாக எழுதியவர்களும் பதிப்பாளர்களும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். ஒரு நாளில் எழுதியதை ஒரு மணியில் எழுதலாம் என்றால் அவர்கள் யோசிக்கத்தானே செய்வார்கள்?

தொழில்நுட்பம் என்றாலே கேடு என்று சொல்லிவிடவும் முடியாது. 2013இல் பக்கவாதம் தாக்கிக் குரலை இழந்தவர் ராண்டி டிராவிஸ். 2024 மே மாதம் அவரது 'வேர் தட் கேம் ஃப்ரம்' வெளியானது. ஜேம்ஸ் டூப்ரே என்ற பாடகர் பாட, டிராவிஸின் பழைய ஒலிப்பதிவுகளில் பயிற்சி பெற்ற மென்பொருள் அதை டிராவிஸின் குரலாக மாற்றியது. அவரது நீண்டகாலத் தயாரிப்பாளர் கைல் லெனிங் மாதக்கணக்கில் உட்கார்ந்து செதுக்கினார். டிராவிஸ் சம்மதத்தோடு நடந்தது. பாடலை எழுதியவர்களும் மனிதர்கள்தான். பாதியில் நின்ற ஒரு வாழ்க்கைக்கு இயந்திரம் ஒரு சரணம் சேர்த்தது என்று ரசிகர்கள் மகிழ்ந்தார்கள்.

சம்மதம் சொல்ல ஆளே இல்லாவிட்டால்? கன்ட்ரியின் பிதாமகர்களில் ஒருவரான ஹாங்க் வில்லியம்ஸ் 1953 புத்தாண்டு தினத்தில், கச்சேரிக்குப் போகும் வழியில், காரின் பின் இருக்கையில் இறந்துகிடந்தார். வயது 29. மெட்டில்லாமலும் முடிவில்லாமலும் வரிகள் எழுதிய நோட்டுப் புத்தகங்களை விட்டுச் சென்றார். 2011இல் அவற்றை எடுத்து பாப் டிலன், நோரா ஜோன்ஸ், மெர்ல் ஹாகர்ட், பேத்தி ஹாலி வில்லியம்ஸ் உள்ளிட்டோர் ஆளுக்கொன்றாக முடித்து ஓர் ஆல்பமாக வெளியிட்டார்கள். செத்தவரின் எழுத்தில் கை வைக்கலாமா என்று அப்போதும் கேட்கத்தான் செய்தார்கள். ஆனால் முடித்தவர்கள் தங்கள் பெயரைப் போட்டுக்கொண்டார்கள். பிடிக்கவில்லையென்றால் திட்டுவதற்கு ஓர் ஆள் இருந்தார். கருவி முடித்த பாட்டில் அந்த ஆள் இல்லை.

ஆள் இல்லை என்பது வெறும் தத்துவக் கேள்வி அல்ல, காசு சம்பந்தப்பட்டது. மனிதர் எழுதியதற்கு மட்டுமே காப்புரிமை என்பது அமெரிக்கக் காப்புரிமை அலுவலகத்தின் நிலை. கருவிக்குக் கட்டளை கொடுத்தால் மட்டும் போதாது என்று 2025 ஜனவரி அறிக்கையில் அது விளக்கியது. ஆக, இரண்டு சரணங்களை நீங்கள் எழுதி மூன்றாவதைக் கருவி எழுதினால், முதல் இரண்டு உங்களுடையவை. கதையைத் தூக்கி நிறுத்தும் மூன்றாவது யாருடையதும் இல்லை. பதிவு செய்யும்போது அந்தப் பகுதியைச் சொல்லியாகவும் வேண்டும். பாட்டிலேயே விலை அதிகமான சரணம் உரிமையாளர் இல்லாத புறம்போக்கு நிலமாகிவிடுகிறது.

டென்னசி மாநிலம் 2024 மார்ச்சில் 'எல்விஸ் சட்டம்' கொண்டுவந்தது. ஆளுநர் பில் லீ அதில் கையெழுத்திட்டது நாஷ்வில்லின் ஒரு பிரபல மதுக்கூடத்தில், பாடகர்கள் சூழ. ஒருவரது குரலை அனுமதியின்றிச் செயற்கையாக நகலெடுப்பதை அது தடுக்கிறது. ஆனால் அது காப்பது குரலை. ஒரு கவிஞர் கதையை முடிக்கும் விதத்தை எந்தச் சட்டத்தால் காக்க முடியும்? யுனிவர்சல், சோனி, வார்னர் நிறுவனங்கள், தங்கள் பாடல்களைக் கேட்காமல் எடுத்துப் பயிற்சிக்குப் பயன்படுத்தியதாகச் சூனோ, யூடியோ மீது 2024 ஜூனில் வழக்குத் தொடுத்தன. 2025 அக்டோபரில் யுனிவர்சல் யூடியோவுடனும், அடுத்த மாதம் வார்னர் இரண்டு நிறுவனங்களுடனும் சமரசம் செய்துகொண்டன. நேற்றைய எதிரிகள் இன்று கூட்டாளிகள்.

அதே நவம்பரில் இன்னொன்றும் நடந்தது. 'பிரேக்கிங் ரஸ்ட்' என்ற பெயரில் வந்த, செயற்கை நுண்ணறிவால் உருவான ஒரு பாடல் பில்போர்டின் கன்ட்ரி டிஜிட்டல் விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. சில ஆயிரம் பிரதிகள் விற்றாலே அந்தப் பட்டியலின் உச்சிக்குப் போய்விடலாம் என்பது உண்மைதான். ஆனாலும் உழைப்பு, வியர்வை, வலி என்று பாடும் இசையில் வியர்க்காத பாடகர் முதலிடத்தில் நின்றது நாஷ்வில்லை உலுக்கியது.

இனி என்ன? டெமோவுக்கும், தடைப்பட்டு நிற்கும் நேரத்தில் யோசனை கேட்கவும் கருவி அறைக்குள் இருக்கப்போகிறது. அதை யாரும் வெளியே தள்ளப் போவதில்லை. கவனிக்க வேண்டியது வேறு. ஷெரில் ஒரு வரிகூட எழுதவில்லை. இது போதாது என்றார், அவ்வளவுதான். எழுதியவர்கள் முணுமுணுத்துக்கொண்டே திரும்பிப் போய் மறுபடி உட்கார்ந்தார்கள். கருவியிடம் பத்து முடிவு கேட்டால் பத்தையும் ஒரே உற்சாகத்தோடு நீட்டும். பத்தும் வேண்டாம் என்று சொல்லும் ஆள் அந்த அறையில் இருக்கும்வரை கவலையில்லை. வந்த முதல் முடிவையே போதும் என்று எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகும் பழக்கம் வந்துவிட்டால், அந்தப் பெண் இறுதிச் சடங்குக்கு வரவே மாட்டாள்.