கணினிக்கும் சி.என்.சி. எந்திரத்துக்கும் பேச்சு நின்றுபோனால்

போசரி, சாகன், பிம்ப்ரி என்று புனேயைச் சுற்றியுள்ள தொழிற்பேட்டைகளில் வேலை பார்க்கும் நம்மவர்கள் வீட்டில் ‘சி.என்.சி.’ என்ற சொல் அடிக்கடி காதில் விழும். எண்களாகக் கொடுத்த கட்டளைப்படி உலோகத்தைக் கடைந்து தரும் எந்திரம் அது. அந்தக் கட்டளைத் தொகுப்புக்குத்தான் புரோகிராம் என்று பெயர். அலுவலகக் கணினியில் தயாரான புரோகிராம், கேபிள் வழியாக எந்திரத்துக்குப் போய்ச் சேர வேண்டும். சேராவிட்டால் ‘சர், ப்ரோக்ராம் ஜாத் நாஹி’ என்று ஆபரேட்டர் வந்து நிற்பார். பராமரிப்புப் பிரிவில் இருபது வருஷத்துக்கு மேலாக இந்த வாக்கியத்தைக் கேட்டு வருபவன் என்ற முறையில், கோளாறைத் தேடும் வரிசையை இங்கே சொல்கிறேன்.

வீட்டுக் குழாயில் தண்ணீர் வராவிட்டால் முதலில் தொட்டியைப் பார்ப்போம். அப்புறம் வால்வு, அப்புறம் குழாய். எடுத்த எடுப்பில் சுவரை உடைக்க மாட்டோம். இங்கேயும் அப்படித்தான். முதலில் கேபிள், அடுத்து இரு பக்க அமைப்புகள், கடைசியில் புரோகிராம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். நாலைந்தைச் சேர்த்து மாற்றினால், சரியான பிறகும் எதனால் சரியாச்சுன்னு தெரியாது.

பழைய எந்திரங்களில் ஆர்.எஸ்.232 என்ற தொடர் இணைப்பு இருக்கும். 1960இல் வந்த தரம். இன்றும் பல பட்டறைகளில் ஓடுகிறது. கேபிள் 15 மீட்டருக்குள் இருப்பது நல்லது. ‘இரண்டையும் மூன்றையும் குறுக்கே போடு’ என்று பலர் மனப்பாடமாகச் சொல்வார்கள். இரு பக்கமும் 25 முனை இணைப்பி என்றால் அது சரி. கணினிப் பக்கம் 9 முனையும் எந்திரப் பக்கம் 25 முனையும் இருந்தால், பெரும்பாலும் 2-க்கு 2, 3-க்கு 3 நேராகவே போக வேண்டும். 9 முனையில் அனுப்பும் கம்பி 3; 25 முனையில் அது 2. சந்தேகம் வந்தால் மல்டிமீட்டரில் பாருங்கள். சும்மா இருக்கும்போது தரைக் கம்பிக்கு எதிராக நல்ல மைனஸ் வோல்ட் காட்டுவதே அனுப்பும் கம்பி. கேபிளை மாட்டும்போதும் கழற்றும்போதும் இரண்டு பக்கமும் மின்சாரம் அணைந்திருக்க வேண்டும். எர்த் வித்தியாசம் இருந்தால் போர்ட் எரிந்துவிடும்.

கேபிள் சரியென்றால் அமைப்புகளைப் பாருங்கள். வேகம், டேட்டா பிட், பாரிட்டி, ஸ்டாப் பிட் நான்கும் இரு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒருவர் வேகமாகவும் மற்றவர் நிதானமாகவும் பேசினால் பேச்சு புரியாதல்லவா? பல ஃபனுக் கட்டுப்பாட்டுக் கருவிகள் கோளாறின் பெயரையே சொல்லிவிடும். 85 என்ற அலாரம் வந்தால் அமைப்பு பொருந்தவில்லை, அல்லது கம்பியில் இரைச்சல். 86 வந்தால் எதிர்ப்பக்கம் தயார் என்ற சைகை வரவில்லை. கேபிளையும் கணினியையும் பாருங்கள். 87 வந்தால் எந்திரம் ‘நிறுத்து’ என்று சொன்ன பிறகும் கணினி அனுப்பிக்கொண்டே இருக்கிறது.

என் அனுபவத்தில் புரோகிராம் போகவே இல்லையென்றால் பயமில்லை, நேரம்தான் வீண். அரைகுறையாகப் போய்ச் சேர்வதுதான் ஆபத்து. ‘1’ என்ற எழுத்தில் ஒரே ஒரு பிட் புரண்டால் அது ‘3’ ஆகிவிடும். பாரிட்டிச் சோதனை இதைப் பிடித்துவிடும். இரண்டு பிட் புரண்டு ‘1’ என்பது ‘2’ ஆனால், பாரிட்டிக்குத் தெரியவே தெரியாது. 10 மில்லிமீட்டர் போக வேண்டிய டூல் 20 போகும். டூல் உடையலாம், ஸ்பிண்டில் கெடலாம், பக்கத்தில் நிற்பவருக்கு அடிபடலாம். பழியோ, பட்டனை அழுத்திய ஆபரேட்டர் மேல்தான் முதலில் விழும்.

அதனால் இணைப்பைச் சரிசெய்த உடனே வேலையை ஆரம்பிக்கக் கூடாது. அனுப்பிய புரோகிராமை எந்திரத்திலிருந்து திரும்பக் கணினிக்கு வாங்கி, இரண்டு கோப்புகளையும் ஒப்பிட வேண்டும். பிறகு டூலை மேலே தூக்கி வைத்து, வெறுமனே ஓட்டிப் பார்க்க வேண்டும். பக்கத்தில் வெல்டிங் ஓடும்போது மட்டும் பிழை வந்தால், மோட்டார் கேபிளோடு சேர்ந்து ஓடும் இணைப்புக் கம்பியைப் பிரித்துத் தனிப்பாதையில் போடுங்கள்.

புதிய எந்திரங்களில் ஈதர்நெட் உண்டு. 100 மீட்டர் வரை இழுக்கலாம். கணினிக்கு 192.168.1.10 என்றால் எந்திரத்துக்கு 192.168.1.20 என்பதுபோல ஒரே வரிசையில், வேறு வேறு எண் இருக்க வேண்டும். ‘பிங்’ கொடுத்துப் பாருங்கள். பதில் இல்லையென்றால் கேபிள், ஸ்விட்ச், எண் இவற்றில் கோளாறு இருக்கலாம். ஃபயர்வால் பிங்கை மறிப்பதும் உண்டு. பதில் வந்தும் கோப்பு போகவில்லையென்றால் ஃபயர்வால், கடவுச்சொல், கோப்புறை அனுமதி இவற்றைப் பாருங்கள்.

‘நேத்து வரைக்கும் ஓடிச்சு, விண்டோஸ் மாத்தினதும் நின்னுபோச்சு’ என்பதற்கும் காரணம் உண்டு. பழைய எந்திரங்கள் கோப்பு கேட்கப் பயன்படுத்தும் எஸ்.எம்.பி.1 என்ற முறையை, 2017 அக்டோபர் பதிப்பு முதல் விண்டோஸ் 10 படிப்படியாகக் கைவிட்டது. திரும்ப இயக்கிவிட்டால் வேலை முடியும். ஆனால் 2017 மே மாதம் வான்னகிரை என்ற வைரஸ் பரவியது அந்த வழியாகத்தான். அப்போது ரெனோ கார் தொழிற்சாலைகள் சிலவற்றில் உற்பத்தியே நின்றது. எஃப்.டி.பி. வசதி இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். இல்லையென்றால் எந்திரங்களுக்குத் தனி வலை அமைத்து, இணையம் தொடாத ஒரு கணினியை அதில் வையுங்கள்.

பட்டறையில் இருக்கும் நம் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. எல்லாம் ஒழுங்காக ஓடும் நாளிலேயே வேகம், பாரிட்டி, ஐ.பி. எண், கேபிள் இணைப்பு எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி, தேதி போட்டு, பேனல் கதவின் உள்பக்கம் ஒட்டிவிடுங்கள். இரவு ஷிப்டில் தனியாக நிற்பவருக்கு அந்தத் தாள்தான் துணை.