பத்துப் பேர் கேட்டாலும் போதும்

ஓய்வு பெற்ற பின் தண்டவாளப் பராமரிப்பு பற்றி யூடியூபில் தமிழில் பேசி வருகிறேன். பார்ப்பவர்கள் இருநூறு பேரைத் தாண்டுவதில்லை. "சினிமா பற்றிப் பேசுங்க தாத்தா, கூட்டம் வரும்" என்றான் பேரன். நிறுத்திவிடலாமா என்றுகூட யோசித்தேன்.

அப்போது சி.சு. செல்லப்பாவின் நினைவு வந்தது. அவர் 1959இல் தொடங்கிய 'எழுத்து' பத்திரிகைக்குச் சந்தாதாரர்கள் சில நூறு பேர்தான். ஆயினும் தமிழில் புதுக்கவிதை வேர் பிடித்தது அந்தப் பக்கங்களில்தானே!

அமெரிக்க எழுத்தாளர் கெவின் கெல்லி 2008இல் ஒரு கணக்கே போட்டுக் காட்டினார். உண்மையான ரசிகர்கள் ஆயிரம் பேர், ஆளுக்கு ஆண்டுக்கு 100 டாலர் செலவிட்டால் படைப்பாளியின் பிழைப்பு நடந்துவிடும் என்றார்.

எனக்குப் பென்ஷன் இருக்கிறது; ஆயிரம் பேரும் வேண்டாம். சென்ற மாதம் ஓர் இளம் டிராக்மேன், "வெயிலில் தண்டவாளம் ஏன் நெளிகிறது என்பது உங்கள் பேச்சைக் கேட்டுத்தான் விளங்கியது, ஐயா" என்று எழுதியிருந்தார். அவர் தினமும் நடந்து சோதிக்கும் பாதையில் எத்தனை ஆயிரம் பேர் பயணம் செய்கிறார்கள்!

சங்கத்து அன்பர்களே, கை வந்த தொழிலை நீங்களும் பத்துப் பேருக்குச் சொல்லலாமே!