இல்லையென்ற நூலும் தேடாத பெயரும்

ஸ்ரீபெரும்புதூர் - ஒரகடம் பகுதித் தொழிற்சாலைகளில் பணிபுரிந்துகொண்டே இஸ்லாமியத் தமிழிலக்கியத்தை ஆராய விரும்புவோருக்கு வாரத்தில் வாய்ப்பது ஒரு விடுமுறை நாளே. சென்னை தரமணியிலுள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்திற்கோ பிற நூலகங்களுக்கோ புறப்படுமுன், அவர்கள் கைபேசியிலேயே நூற்பட்டியல்களைத் தேடிவிடுவது நலம். ஆனால், 'முடிவுகள் இல்லை' என்னும் விடையைக் கண்டதும் அந்நூல் அழிந்துபோயிற்று என எழுதிவிடும் வழக்கம் நம்மவரிடையே உண்டு. இது பெரும் பிழை. பல வேளைகளில் நூல் இருக்கிறது. நாம் கேட்ட பெயரில் இல்லை, அவ்வளவே.

உமறுப் புலவரின் சீறாப்புராணத்தையே எடுத்துக்கொள்வோம். 'சீறாப் புராணம்' என இடைவெளி விட்டுப் பதிந்திருந்தால் சேர்த்தெழுதித் தேடுபவருக்கு அது அகப்படாமற் போகலாம். அமெரிக்கப் பல்கலைக்கழக நூலகங்கள் பின்பற்றும் எழுத்துப்பெயர்ப்பு முறையிலோ, சகரத்திற்குரிய ஆங்கில எழுத்து 'சி', 'எஸ்' அன்று. 'முகம்மது' என்னும் சொல்லின் நடுவிலும் 'எச்' வராது, 'கே' வரும். இவ்விரண்டையும் அறியாமல் தேடி ஏமாந்தோர் பலர். ஐயமிருப்பின் முதற்பகுதியை மட்டும் தந்து, இறுதியில் நட்சத்திரக் குறியிட்டுத் தேடலாம். உலகப் பொதுப்பட்டியலாகிய வேர்ல்ட்கேட் இதனை ஏற்கும்.

எழுத்து மாற்றம் ஒருபுறமிருக்க, பெயரே இரண்டாக வழங்குவதும் உண்டு. 1572இல் மதுரையில் அரங்கேறிய 'ஆயிர மசலா'வுக்கு 'அதிசய புராணம்' என்பது மறுபெயர். பேராசிரியர் உவைஸ் அவர்களின் பெயரை ஆங்கிலத்தில் ஒருவிதமாகவும் எழுத்துப்பெயர்ப்பில் வேறுவிதமாகவும் காண்கிறோம். பழம்பதிப்புகளில் 'றசூல்' என வல்லின றகரம் வரும். இன்று நாம் 'ரஸூல்' என்கிறோம். அரபுத் தமிழ் நூல்களோ அரபு மொழி நூல்களோடு சேர்ந்து பதிவாகியிருக்கக்கூடும். ஆதலின் மொழி வடிகட்டியை நீக்கியும் ஒருமுறை தேடவேண்டும்.

ஆண்டிலும் இச்சிக்கல் உண்டு. சீறாப்புராணம் அச்சேறிய 1842ஆம் ஆண்டின் பெரும்பகுதி ஹிஜ்ரி 1258. முகப்பேட்டில் ஹிஜ்ரி மட்டும் இருந்து, பட்டியலாளரும் அதனையே பதிந்திருந்தால், கி.பி. ஆண்டைக் கொண்டு தேடுபவர் வெறுங்கையோடு திரும்புவார்.

தேடிய வடிவங்களையெல்லாம் தாளில் குறித்துவைப்பது எம் வழக்கம். அவையும் பயன்தராவிடில் பழைய அச்சுப் பட்டியல்களை நாடலாம்: மர்டாக் 1865இல் வெளியிட்டது, பிரிட்டிஷ் அருங்காட்சியகத் தமிழ் நூல்களுக்குப் பார்னெட்டும் போப்பும் 1909இல் தொகுத்தது ஆகியவை அத்தகையன. அங்குக் காணும் பெயர்வடிவத்தைக் கொண்டு மீண்டும் தரவுத்தளத்திற்குத் திரும்பினால், முன்னர் இல்லையென்ற நூல் அங்கேயே இருக்கக் காண்பதுண்டு.