வாயு விதிகளும் சுழியோடியும்

உச்சமுனை அமைந்துள்ள கற்பிட்டிக் கரையோரத்தில் சங்கும் கடலட்டையும் சுழியோடி எடுக்கப்படுகின்றன. சுழியோடி முதுகில் சுமந்து செல்வதை ஊரில் ‘ஒட்சிசன் சிலிண்டர்’ என்பார்கள். உண்மையில் அதனுள் இருப்பது நாம் சுவாசிக்கும் சாதாரண வளியே. உயர் அமுக்கத்தில் அடைக்கப்பட்டுள்ளது, அவ்வளவுதான். வாயு விதிகளைக் கற்க இதைவிடப் பொருத்தமான உதாரணம் கிடைப்பது அரிது.

வாயு மூலக்கூறுகள் எப்போதும் எழுமாறாக இயங்கிக்கொண்டிருக்கும். அவை கொள்கலத்தின் சுவரில் மோதுவதால் அமுக்கம் உண்டாகிறது. இடத்தைச் சுருக்கினால் மோதல்கள் அடிக்கடி நிகழும், அமுக்கம் கூடும். 1662 இல் றொபேட் போயில் வெளியிட்ட விதி இதுவே: வெப்பநிலை மாறாதிருக்கும்போது, குறித்த திணிவுள்ள வாயுவின் கனவளவு அதன் அமுக்கத்துக்கு நேர்மாறு விகிதசமனாகும்.

அமுக்கம் × கனவளவு = மாறிலி

கடல்மட்டத்தில் வளிமண்டல அமுக்கம் ஏறத்தாழ 1,00,000 பஸ்கால். 10 மீற்றர் ஆழ நீர்நிரலும் ஏறத்தாழ அதேயளவு அமுக்கத்தைத் தரும். எனவே 10 மீற்றர் ஆழத்தில் மொத்த அமுக்கம் 2 வளிமண்டலம். 20 மீற்றரில் 3. 30 மீற்றரில் 4. மேலேயுள்ள வளிமண்டலத்தின் 1 ஐச் சேர்க்க மறப்பதாலேயே இவ்வகை வினாக்களில் மாணவர் பலர் புள்ளிகளை இழக்கின்றனர். 30 மீற்றர் ஆழத்தில் 2 கன சென்ரிமீற்றர் கனவளவுள்ள குமிழி மேற்பரப்பை அடையும்போது 8 கன சென்ரிமீற்றர் ஆகும், 6 அன்று.

இனி முக்கிய விடயத்துக்கு வருவோம். 1905 இல் மரிச்சுக்கட்டிக் கரையில் பெரும் முத்துக்குளிப்பு நடைபெற்றது. அக்காலச் சுழியோடிகள் மேலே மூச்சை இழுத்து அடக்கிக்கொண்டு, கயிற்றில் கட்டிய கல்லின் பாரத்தால் கீழே இறங்கினர். நுரையீரலில் 6 லீற்றர் வளியுடன் ஒருவர் 10 மீற்றர் ஆழத்துக்குச் சென்றால் அவ்வளி 3 லீற்றராகச் சுருங்கும். மேலே வரும்போது மீண்டும் 6 லீற்றராகும். மூச்சை அடக்கி மேலே வந்தாலும் நுரையீரல் அளவுக்கு மிஞ்சி விரியாது.

உருளையுடன் செல்பவரின் நிலை வேறு. சுற்றியுள்ள நீரின் அமுக்கத்திலேயே உருளையிலிருந்து அவருக்கு வளி கிடைக்கிறது. 10 மீற்றர் ஆழத்தில் 5 லீற்றர் வளியை உள்ளெடுத்து, ஏதோ பயத்தில் மூச்சை அடக்கியபடி மேலெழுகிறார் எனக் கொள்வோம்.

2 × 5 = 1 × கனவளவு
கனவளவு = 10 லீற்றர்

வளர்ந்த ஒருவரின் நுரையீரல் கொள்ளக்கூடியது ஏறத்தாழ 6 லீற்றர். எனவே மேற்பரப்பை அடையுமுன்னரே நுரையீரல் கிழிந்து, வளி குருதியினுள் புகுந்து உயிராபத்து ஏற்படலாம். உருளையுடன் சுழியோடுபவர் ஒருபோதும் மூச்சை அடக்கக்கூடாது என்பதும், மேலே வரும்போது மெதுவாக, தொடர்ந்து மூச்சை விட்டபடி வரவேண்டும் என்பதும் இதனாலேயே. இங்கு இன்னொன்றையும் கவனிக்க. 30 இலிருந்து 20 மீற்றருக்கு வரும்போது வளி 4/3 மடங்காகவே விரியும். கடைசி 10 மீற்றரில் அது 2 மடங்காகும். ஆழம் குறைந்த இடம் ஆபத்தற்றது என்று நினைப்பது தவறு.

உருளை எவ்வளவு நேரத்துக்குப் போதும் என்பதையும் இதே விதியால் கணிக்கலாம். 10 லீற்றர் உருளையில் 200 வளிமண்டல அமுக்கத்தில் வளி இருந்தால், அது மேற்பரப்பில் 2000 லீற்றருக்குச் சமன். நிமிடத்துக்கு 20 லீற்றர் சுவாசிப்பவருக்கு மேற்பரப்பில் 100 நிமிடம் வரும். 20 மீற்றர் ஆழத்திலோ, முற்றாக வெறுமையாக்கலாம் எனக் கொண்டாலும் 33 நிமிடமே.

வெப்பநிலையைப் பொறுத்தவரை சாள்சின் விதியை நீங்கள் அறிவீர்கள்: அமுக்கம் மாறாதபோது கனவளவு தனிவெப்பநிலைக்கு நேர்விகிதசமன். உருளை விரியாதாகையால் இங்கு பொருந்துவது அமுக்க விதி. கனவளவு மாறாதபோது அமுக்கம் தனிவெப்பநிலைக்கு நேர்விகிதசமனாகும். செல்சியசு பெறுமானத்துடன் 273 ஐக் கூட்டிக் கெல்வினாக மாற்றிய பின்னரே பிரதியிட வேண்டும்.

வெயிலில் படகில் கிடந்த உருளையின் வெப்பநிலை 57 பாகை செல்சியசு (330 கெல்வின்), அமுக்கம் 220 வளிமண்டலம் என்க. அது 27 பாகை செல்சியசு (300 கெல்வின்) கடல்நீரில் குளிர்ந்தால்:

அமுக்கம் = 220 × 300 / 330 = 200 வளிமண்டலம்

அமுக்கமானியின் முள் இறங்குவதைக் கண்டு உருளையில் ஒழுக்கு உண்டு எனச் சிலர் கருதுவர். ஒரு மூலக்கூறுகூட வெளியேறவில்லை. அவை முன்னரிலும் மெதுவாக மோதுகின்றன.