பக்கத்து வீடும் பத்துக் கட்டளையும்

வம்பு பேசும் அண்டை வீட்டாரோடு எப்படி வாழ்வது? கிறிஸ்தவ மரபு இதற்கு வழிமுறையே வகுத்திருக்கிறது. ஆனால் பெரும்பாலான சபைகளில் அது தலைகீழாகத்தான் நடக்கிறது.

மாடியிலிருந்து சொட்டும் ஈரத் துணியில் தொடங்கும். அல்லது வாசலை அடைத்து நிறுத்திய ஸ்கூட்டரில். மும்பையின் சால் ஆகட்டும், டெல்லியின் டி.டி.ஏ. குடியிருப்பு ஆகட்டும், பெங்களூரின் புதிய லே-அவுட் ஆகட்டும், கதை போகும் பாதை ஒன்றுதான். முதலில் முகத்தைத் திருப்பிக்கொள்வது. அடுத்து படிக்கட்டில் கிசுகிசு. 'அந்த வீட்டுப் பெண் ராத்திரி எத்தனை மணிக்கு வருகிறாள், கவனித்தீர்களா?' என்று யாரோ கேட்பார்கள். ஒரே வாரத்தில் கேள்வி செய்தியாகிவிடும். வரவிருந்த வரன் நின்றுபோக அது போதும்.

இரு வீட்டாரும் ஒரே சர்ச்சுக்குப் போகிறவர்களாக இருந்துவிட்டால் சங்கடம் இரட்டிப்பு. வாரம் முழுவதும் பேசாதவர்கள் ஞாயிற்றுக்கிழமை ஒரே வரிசையில் நின்று நற்கருணை வாங்க வேண்டும். 'மன்னித்துவிடுங்கள், ஜெபியுங்கள்' என்பதே வழக்கமாகக் கிடைக்கும் ஆலோசனை. இது தவறல்ல. ஆனால் போதாது. வேதாகமத்தைப் புரட்டினால் மன்னிப்புக்கு முன்னும் பின்னும் செய்ய வேண்டியவை நிறைய இருப்பது தெரியும்.

இரண்டு வசன தூரம்

புறங்கூறுவதை அற்பக் குற்றமாக யூத, கிறிஸ்தவ மரபுகள் ஒருபோதும் கருதியதில்லை. அயலானுக்கு எதிராகப் பொய்ச்சாட்சி சொல்லக் கூடாது என்பது பத்துக் கட்டளைகளில் ஒன்று. புராட்டஸ்டன்டுகள் எண்ணுகிற வரிசையில் ஒன்பதாவது, கத்தோலிக்கர்களின் வரிசையில் எட்டாவது. தன்னைப் போல் பிறனையும் நேசிக்க வேண்டும் என்ற புகழ்பெற்ற கட்டளை வருவது லேவியராகமம் 19-ஆம் அதிகாரத்தின் 18-ஆம் வசனத்தில். அதற்கு இரண்டு வசனம் முன்னால், 16-இல், கோள் சொல்லித் திரிவதற்குத் தடை விதிக்கப்பட்டிருக்கிறது. புதிய ஏற்பாட்டில் யாக்கோபு நாக்கை நெருப்புக்கு ஒப்பிடுகிறார். பேதுருவின் முதல் நிருபம் ஒரு படி மேலே போய், அடுத்தவர் விவகாரத்தில் தலையிடுகிறவரைக் கொலைகாரன், திருடன் ஆகியோரோடு ஒரே பட்டியலில் சேர்த்துவிடுகிறது.

கத்தோலிக்கத் திருச்சபை 1992-இல் வெளியிட்ட மறைக்கல்வி நூல் இந்தக் குற்றத்தை மூன்றாகப் பிரிக்கிறது. போதிய ஆதாரமின்றி ஒருவர் தவறு செய்துவிட்டார் என்று மனதுக்குள் முடிவு கட்டுவது முதலாவது. உண்மையாகவே உள்ள குறையை, தக்க காரணமின்றி, தெரியாதவர்களிடம் போய்ச் சொல்வது இரண்டாவது. பொய்யைச் சொல்லிப் பெயரைக் கெடுப்பது மூன்றாவது. முக்கியமானது இரண்டாவதுதான். 'நான் இல்லாததையா சொல்லிவிட்டேன்?' என்று தப்பித்துக்கொள்ள அது இடம் தருவதில்லை. மன்னிப்புக் கேட்டுவிட்டால் மட்டும் கணக்குத் தீராது, கெடுத்த பெயரை மீட்டுத்தர முயல வேண்டும் என்றும் அந்த நூல் சொல்கிறது.

இது எவ்வளவு கடினம் என்பதை விளக்க, 16-ஆம் நூற்றாண்டில் ரோமில் வாழ்ந்த பிலிப் நேரியின் பெயரால் ஒரு கதை சொல்லப்படுகிறது. வம்பு பேசியதாகப் பாவசங்கீர்த்தனம் செய்த பெண்ணிடம், ஒரு கோழியை வாங்கித் தெரு நெடுக இறகைப் பிய்த்துப் போட்டுக்கொண்டே வரச் சொன்னாராம். வந்ததும், 'இனி எல்லா இறகையும் பொறுக்கி வா' என்றாராம். நேரிக்குப் புனிதர் பட்டம் கிடைத்தது 1622-இல், கோவாவில் உடல் வைக்கப்பட்டிருக்கும் பிரான்சிஸ் சேவியருக்குக் கிடைத்த அதே நாளில்.

வாட்ஸ்அப் காலத்தில் இறகுகள் இன்னும் வேகமாகப் பறக்கின்றன. 2018-இல் வதந்திகளை நம்பிய கும்பல்கள் நாட்டின் பல பகுதிகளில் அப்பாவிகளை அடித்துக் கொன்ற பிறகு, இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு அல்லது குழுக்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி அந்த நிறுவனம் கட்டுப்பாடு கொண்டுவந்தது. ஆனால் ஒரு குடும்பத்தின் மானத்தைக் கெடுக்க ஐந்து பேரே அதிகம்.

தலைகீழ் வரிசை

அப்படியானால் பாதிக்கப்பட்டவர் என்ன செய்வது? மத்தேயு 18-ஆம் அதிகாரம் வரிசையாகச் சொல்கிறது. முதலில், தவறு செய்தவரிடம் தனியாகப் போய்ப் பேச வேண்டும். அவர் கேட்டால் விஷயம் அங்கேயே முடிந்தது. கேட்காவிட்டால் இன்னும் ஒருவரையோ இருவரையோ சாட்சியாக அழைத்துச் செல்ல வேண்டும். அதற்கும் மசியாவிட்டால்தான் சபைக்குத் தெரிவிக்க வேண்டும். கடைசிவரை இணங்காதவரை அந்நியரைப் போலவும் வரி வசூலிப்பவரைப் போலவும் எண்ணிக்கொள்ளலாம். அப்போதும் கதவு முழுவதுமாகச் சாத்தப்படுவதில்லை. இயேசு பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டதே வரி வசூலிப்பவர்களோடுதான்.

நடைமுறையில் இந்த வரிசை அப்படியே கவிழ்ந்துவிடுகிறது. முதலில் தெரு முழுவதற்கும் தெரிகிறது. பிறகு சபைக்கு. சம்பந்தப்பட்டவருக்குக் கடைசியில்தான் தெரியவருகிறது, சில சமயம் தெரிவதே இல்லை. வம்பு பக்தி வேடம் போடுவதும் உண்டு. 'அந்தக் குடும்பத்துக்காக விசேஷமாக ஜெபித்துக்கொள்ளுங்கள், அங்கே என்ன நடக்கிறதென்றால்...' என்று தொடங்கும் ஜெப விண்ணப்பங்களைக் கேட்காத சபை அபூர்வம்.

2025-இல் மறைந்த போப் பிரான்சிஸ் இதைத் தன் பதவிக்காலம் முழுவதும் சாடிக்கொண்டிருந்தார். 2014 கிறிஸ்துமஸ் சமயத்தில் வாடிகன் தலைமை நிர்வாகிகளை உட்கார வைத்து, அவர்களைப் பீடித்த 15 நோய்களைப் பட்டியலிட்டபோது, ஒன்பதாவதாக அவர் சொன்னது புறம்பேச்சு. 2020 செப்டம்பரில், உலகமே கொரோனாவில் முடங்கிக் கிடந்தபோது, இதே மத்தேயு பகுதியை விளக்கிய அவர், கோவிட்டைவிட மோசமான கொள்ளைநோய் வம்புப் பேச்சுதான் என்றார்.

சமாதானம் செய்துகொள்வதைத் தனிமனிதர் விருப்பத்துக்கு விட்டுவிடாமல் சடங்காகவே வைத்திருக்கும் சபைகளும் உண்டு. கேரளத்தின் சிரியன் ஆர்த்தடாக்ஸ் மரபினர் பெரிய நோன்பின் முதல் திங்கட்கிழமை 'சுப்கோனோ' என்ற ஒப்புரவு வழிபாடு நடத்துகிறார்கள். குருக்களும் மக்களும் ஒருவரிடம் ஒருவர் மன்னிப்புக் கேட்டுக்கொண்ட பிறகே நோன்பில் நுழைகிறார்கள். 1947-இல் உருவான தென்னிந்தியத் திருச்சபை, தன் புதிய வழிபாட்டு முறையில், கைகளால் சமாதானத்தைப் பரிமாறிக்கொள்ளும் வழக்கத்தைச் சேர்த்துக்கொண்டது. பேசாதிருக்கும் இருவர் ஒரே வரிசையில் நின்றால், அந்த ஒரு நிமிடம் அவர்களுக்கு நீண்ட நிமிடம்தான்.

பொறுமைக்கும் எல்லை உண்டு

அண்டை வீட்டார் வேறு மதத்தவராக இருந்தால்? அங்கே சபையிடம் முறையிட்டுப் பயனில்லை. ஆனால் முதல் படி, அதாவது நேரில் போய்த் தனியாகப் பேசுவது, எந்த மதத்தவரிடமும் செல்லுபடியாகும். எல்லாரோடும் சமாதானமாக இருக்கச் சொல்லும் பவுல், ரோமருக்கு எழுதிய நிருபத்தில் இரண்டு நிபந்தனைகளையும் சேர்க்கிறார். முடியுமானால், உங்கள் பங்கில் இயன்ற அளவுக்கு. எதிர்த் தரப்பின் நடத்தைக்கு நாம் பொறுப்பல்ல என்ற யதார்த்தம் இதில் இருக்கிறது. அதே பவுல், தன்னைச் சவுக்கால் அடிக்கக் கட்டியபோது பேசாமல் அடி வாங்கவில்லை. தான் ரோமக் குடிமகன் என்று சட்டம் பேசினார்.

மன்னிப்பும் சட்டமும் ஒன்றையொன்று ரத்து செய்வதில்லை என்பதற்கு இந்தியாவிலேயே மறக்க முடியாத சாட்சி உண்டு. 1999 ஜனவரியில் ஒடிசாவின் மனோகர்பூரில் ஆஸ்திரேலிய மிஷனரி கிரஹாம் ஸ்டெயின்ஸ் இரண்டு மகன்களோடு உயிரோடு கொளுத்தப்பட்டார். கொலையாளிகளை மன்னித்ததாக அறிவித்த அவர் மனைவி கிளாடிஸ், ஊரைவிட்டு ஓடாமல் பாரிபடாவில் தொழுநோயாளிகளுக்கான பணியைத் தொடர்ந்தார். வழக்கு தன் போக்கில் நடந்து, முக்கியக் குற்றவாளியின் ஆயுள் தண்டனையை 2011-இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது.

படிக்கட்டுச் சண்டை அந்த அளவுக்குப் போவதில்லைதான். ஆனாலும் மிரட்டல், பெண்களுக்குத் தொல்லை, சாதி சொல்லி ஏசுவது போன்றவற்றை ஜெபத்தோடு மட்டும் நிறுத்திக்கொள்ளச் சொல்வது ஆலோசனை அல்ல, கைகழுவல். 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆவது பிரிவின்படி, அவதூறுக்கு இரண்டு ஆண்டுவரை சிறை உண்டு. சமூக சேவையையும் தண்டனையாக விதிக்கலாம். இதிலும் உண்மை என்பது மட்டும் கேடயம் ஆகாது. பொதுநன்மைக்காகச் சொன்னதாகவும் இருக்க வேண்டும்.

நீதிமன்றத்துக்கு முன்பே நிறுத்தவும் வழி யோசிக்கப்பட்டிருக்கிறது. 2023-இன் மத்தியஸ்தச் சட்டத்தில், ஒரு பகுதிவாசிகளின் அமைதியைப் பாதிக்கும் தகராறுகளை, இரு தரப்பும் சம்மதித்தால், மூன்று பேர் கொண்ட சமூக மத்தியஸ்தக் குழு தீர்த்துவைக்க இடம் இருக்கிறது. அதில் ஏற்படும் உடன்பாட்டை நீதிமன்றத் தீர்ப்பைப் போல அமலாக்க முடியாது. சட்டமே இங்கே நல்லெண்ணத்தைத்தான் நம்பியிருக்கிறது. இரண்டு சாட்சிகளோடு போகச் சொன்ன மத்தேயுவின் இரண்டாம் படியிலிருந்து இது அதிக தூரம் இல்லை.

யார் தொல்லை?

இந்த விவகாரத்தில் சபைகள் வசதியாக மறந்துவிடும் கேள்வி ஒன்று உண்டு. தொல்லை தரும் அண்டை வீட்டார் தாங்களாகவே இருந்தால்? சென்னையில் ஒரு பெந்தெகொஸ்தே சபையின் ஒலிபெருக்கி, டிரம் சத்தம் தாங்காமல் குடியிருப்போர் சங்கம் நீதிமன்றம் போனது. வழக்கு டெல்லிவரை சென்றது. பிறர் அமைதியைக் கெடுத்துத்தான் பிரார்த்தனை செய்ய வேண்டும் என்று எந்த மதமும் சொல்லவில்லை என்று 2000 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல்தான் வரம்பு. கோயிலுக்கும் மசூதிக்கும் சர்ச்சுக்கும் ஒரே அளவுகோல்.

அயலானை நேசிப்பது எப்படி என்று புத்தகம் புத்தகமாகப் பிரசங்கிக்கலாம். முழு இரவு ஜெபத்தில் ஒலிபெருக்கியின் சத்தத்தைக் குறைத்தால், அடுத்த வீட்டில் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைக்கு அது பிரசங்கத்தைவிட நன்றாகப் புரியும்.

வம்புக்கும் இதே எளிய தர்மம்தான். விறகு இல்லாவிட்டால் நெருப்பு அணைந்துபோவது போல, கோள் சொல்கிறவர் இல்லாவிட்டால் சண்டை ஓய்ந்துபோகும் என்கிறது நீதிமொழிகள் நூல். கோள் சொல்கிறவருக்குக் காது கொடுக்க ஒருவர் வேண்டும். 'இதை அவர்களிடமே கேட்டுவிடலாமே, வாருங்கள், நானும் வருகிறேன்' என்று கேட்பவர் எழுந்து நின்றால், பெரும்பாலான செய்திகள் படிக்கட்டைவிட்டு இறங்குவதில்லை.