குதிரை மாடி ஏறவில்லை!

"எத்தனை ஹெச்.பி. சார் வேணும்?"

மோட்டார் கடைக்குள் நுழைந்தால் முதல் கேள்வி இதுதான். நானும் பெரிய மனுஷத் தோரணையில், "ஒண்ணு குடுங்க" என்றேன். பக்கத்து பில்டிங்கில் அரை ஹெச்.பி.தான். நம்மிடம் முழுசாக ஒன்று இருந்தால் கௌரவம்தானே!

காசு என்னுடையது மட்டுமல்ல. எங்கள் பில்டிங்கில் கீழ்த்தளம், முதல் மாடி, இரண்டாம் மாடி என்று மூன்று குடித்தனம். பழைய மோட்டார் புகைந்து போனதும், "நீங்க பி.காம்., கணக்கு கரெக்டா இருக்கும்" என்று பணத்தை என் கையில் திணித்துவிட்டார்கள்.

மாட்டியாச்சு. ஸ்விட்சைப் போட்டதும் மோட்டார் விமானம் கிளம்புகிற மாதிரி உறுமியது. மொட்டை மாடியில் டேங்க் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு அரை மணி நேரம் நின்றேன். குழாயில் 'உஸ்ஸ்' என்று காற்றுதான் வந்தது. மூன்று நாள், நான் ஆபீஸ் போன பிறகு, அறுபத்தைந்து வயது அம்மா இரண்டு மாடிக்கு வாளி தூக்கியிருக்கிறார். கீழ் வீட்டுக்காரர் என்னிடம் 'குட்மார்னிங்' சொல்வதையே நிறுத்திவிட்டார்.

நாலாம் நாள் மெக்கானிக் வந்தார். ஸ்பானரைத் தொடவே இல்லை. குனிந்து, பம்ப் நெற்றியில் ஒட்டியிருந்த தகரத்தைப் படித்தார். "சார், இது பன்னண்டு மீட்டர் மோட்டார். உங்க பில்டிங் பதினஞ்சு. எப்படி ஏறும்?"

அந்தத் தகரத்தில் இத்தனை விஷயமா என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

முதலில் ஹெச்.பி. குதிரையை வைத்து இந்தக் கணக்கைப் பிரபலமாக்கியவர் ஜேம்ஸ் வாட். ஒரு ஹெச்.பி. என்றால் 746 வாட். தகரத்தில் 0.75 கிலோவாட் என்று போட்டிருக்கும். அரை ஹெச்.பி. என்றால் 0.37. இது மோட்டாரின் தெம்பு, அவ்வளவுதான். அந்தத் தெம்பு தண்ணீரை எவ்வளவு உயரம் ஏற்றும் என்று இந்த நம்பர் சொல்லாது. (தகரத்தில் இருப்பது மோட்டார் கொடுக்கிற சக்தி. அது வாங்கிக்கொள்கிற கரண்ட் இன்னும் அதிகம். மீட்டர் ஓடுவது அதற்குத்தான்!)

உயரத்தைச் சொல்வது 'ஹெட்'. மீட்டரில் இருக்கும். எவ்வளவு தண்ணீர் என்பதைச் சொல்வது 'டிஸ்சார்ஜ்'. மணிக்கு இத்தனை லிட்டர் அல்லது நிமிஷத்துக்கு இத்தனை லிட்டர். ஒரே தெம்புள்ள ஆள் சமதரையில் நாலு மூட்டை தூக்குவான். மாடிப்படி என்றால் ஒன்றுதான். பம்பும் அப்படியே. நான் வாங்கியது சமதரை ஆசாமி. கொட்டோ கொட்டென்று கொட்டுவான், ஏறமாட்டான்.

அட்டைப் பெட்டியைப் பார்த்து மயங்குவது அடுத்த ஆபத்து. 'அதிகபட்ச ஹெட் இவ்வளவு, அதிகபட்ச டிஸ்சார்ஜ் இவ்வளவு' என்று பெரிய எழுத்தில் இருக்கும். இரண்டும் ஒன்றாகக் கிடைக்காது சார்! பைக் விளம்பரத்தில் போடுகிற மைலேஜையும் டாப் ஸ்பீடையும் ஒரே சமயத்தில் பார்த்தவர் உண்டா? அதிகபட்ச ஹெட்டில் தண்ணீர் ஏறக்குறைய பூஜ்யம். பக்கத்து பில்டிங் அரை ஹெச்.பி.யின் காகிதத்தை வாங்கிப் பார்த்தேன். 6 மீட்டரில் மணிக்கு 2,000 லிட்டர், 12 மீட்டரில் 1,500, 18 மீட்டரில் 900, 24 மீட்டரில் 480. கடையில் கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டியது இந்தச் சின்னப் பட்டியலைத்தான்.

சரி, நம் வீட்டு ஹெட் எவ்வளவு? தரையிலிருந்து அளந்தால் தப்பு. சம்ப்பில் தண்ணீர் கிடக்கிற மட்டத்திலிருந்து, மேலே டேங்கில் குழாய் வாய் திறக்கிற இடம் வரை அளக்க வேண்டும். எங்களுக்கு சம்ப் 2 மீட்டர். தளத்துக்கு 3 வீதம் மூன்று தளம், 9. மேடையும் டேங்க்கும் சேர்ந்து இன்னொரு 2. ஆக 13. குழாயில் உரசல், எல்போ வளைவுகள் என்று 2 சேர்த்தால் 15. மெக்கானிக் தலையைத் தூக்கி ஒரு பார்வை பார்த்தே சொன்ன கணக்கை நான் டேப் வைத்து அளந்து சரிபார்த்தேன். படிச்ச பிள்ளை இல்லையா!

கீழே இருந்து உறிஞ்சுவதற்குத் தனி வரம்பு உண்டு. காற்றழுத்தம் தண்ணீரைத் தள்ளிவிடுவது கணக்குப்படி பத்து மீட்டர் சொச்சம். நடைமுறையில் ஆறு, ஏழுக்கு மேல் நம்பக்கூடாது. சம்ப்புக்குக் கவலையில்லை, ஆழக் கிணறு என்றால் வேறு வகை பம்ப் பார்க்க வேண்டும்.

25 x 25 என்று போட்டிருப்பது உறிஞ்சும் வாய், தள்ளும் வாய் இரண்டின் அளவு, மில்லிமீட்டரில். அதாவது ஒரு இன்ச். செலவு மிச்சம் என்று முக்கால் இன்ச் குழாய் போட்டால், அதே அளவு தண்ணீருக்கு உரசல் நாலு மடங்காகிவிடும்.

வேடிக்கை என்னவென்றால், ஆயிரம் லிட்டரை ஒரு மணி நேரத்தில் 15 மீட்டர் ஏற்றத் தேவையான சுத்தமான சக்தி 41 வாட்தான். ஒரு குண்டு பல்பு! சின்ன பம்புக்குள் கசிவிலும் சூட்டிலும் உரசலிலும் நிறைய வீணாவதால்தான் அரை ஹெச்.பி. வரை போகிறோம். எங்களுக்கு அதுவே தாராளம் என்றார் மெக்கானிக். இப்போது ஓடுவது அரை ஹெச்.பி.தான். முக்கால் மணி நேரத்தில் 750 லிட்டர் டேங்க் நிரம்பிவிடுகிறது. அதற்கான காசு முழுக்க என் பாக்கெட்டிலிருந்து.

அந்த ஒரு ஹெச்.பி. குதிரை? மச்சான் ஊரில் தரைத்தொட்டியிலிருந்து வாழைக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருக்கிறது. "என்னா ஃபோர்ஸு மாப்ளே! இதைப் போய் வேண்டாம்னுட்டீங்களே!" என்று போனில் சிரிக்கிறார்.