விலை நிலவரமும் கைபேசியும்

ஓர் ஊரில் சரக்கு தேங்கிக் கிடக்க, பக்கத்து ஊரில் அதற்கே தட்டுப்பாடு இருப்பது நாம் அறிந்த சங்கதிதான். விலை நிலவரம் தெரியாததே இதற்குப் பெரிய காரணம் என்பதை ஓர் ஆராய்ச்சி கணக்கோடு காட்டுகிறது.

அமெரிக்கப் பொருளாதாரப் பேராசிரியர் ராபர்ட் ஜென்சன், வட கேரளத்தின் 15 கடற்கரைச் சந்தைகளில் மத்தி மீன் வியாபாரத்தை 1996 முதல் 2001 வரை வாராவாரம் கணக்கெடுத்து, 2007-ல் முடிவுகளை வெளியிட்டார். 1997 ஜனவரியில் ஒருநாள் வடகரையில் 11 படகுக்காரர்களுக்கு வாங்க ஆளில்லை. 15 கிலோமீட்டருக்குள் இருந்த வேறு சந்தைகளில் 27 பேர் மீன் கிடைக்காமல் நின்றிருந்தார்கள். நாளில் 5 முதல் 8 சதவீத மீன் வீணாயிற்று.

பிறகு கோழிக்கோட்டில் தொடங்கி கண்ணூர், காசர்கோடு எனக் கைபேசி வந்தது. கடலில் இருந்தபடியே விலை கேட்டுப் படகைத் திருப்பினார்கள். வீண் அநேகமாக நின்றது. சந்தைக்குச் சந்தை இருந்த விலை வித்தியாசம் சுருங்கியது. மீனவர் லாபம் 8 சதவீதம் கூடியது. வாங்குவோருக்கு விலை 4 சதவீதம் குறைந்தது.

நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. அடுத்தவருக்கு விலை தெரியாததை நம்பிச் சம்பாதித்த லாபம் இனி நிலைக்காது. இன்று நம் வாடிக்கையாளர் கையிலும் கைபேசி இருக்கிறது. சரியான எடை, நல்ல சரக்கு, சொன்ன சொல், இவையே நம் முதல்.